படாமல் வரும் அனுபவம்

அனுபவம் என்பது விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். சூடுபட வேண்டும், ஏமாற வேண்டும், தோற்க வேண்டும், நம்பினவர்கள் கைவிட வேண்டும். இவ்வளவும் நடந்து முடிந்தபின் கையில் எது மிஞ்சுகிறதோ அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்தார்கள். அந்த விலையைக் கொடுக்காமல் அனுபவத்தை மட்டும் சம்பாதித்துக்கொள்ள வழி உண்டா? மனிதனுக்கு இப்படி ஓர் ஆசை எழுவது இயற்கைதான். வழி உண்டு என்று அடித்துச் சொல்லும் ஓர் உலகத்தைச் சமீபத்தில் பார்த்தேன். வாசகர்களில் பலர் அதற்குள் நுழைந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிச்சயம் நுழைந்திருப்பார்கள்.

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. வயலும் திராட்சைப் பந்தலுமான ஊர். எட்டத்தில் மேற்கு மலை. அங்கே உறவினர் வீட்டில், விடுமுறைக்கு வந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டின் பெயர் 'டயப்ளோ 2'. அமெரிக்காவின் பிளிஸார்டு நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2021-இல் சித்திரங்களைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டார்கள். அதாவது, அந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட விளையாட்டு.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. நீங்கள் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்துகொண்டு, பேய் பிசாசுகள் மலிந்த ஒரு நாட்டில் நடக்கிறீர்கள். கொல்லுகிற ஒவ்வொரு பிசாசுக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கு ஏறுகிறது. புள்ளிகள் ஓர் அளவு சேர்ந்ததும் பாத்திரம் ஒரு படி உயர்கிறது, பலம் கூடுகிறது, புது வித்தை கிடைக்கிறது. மொத்தம் 99 படிகள். 99-ஆம் படியைத் தொட 350 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கிற பெயரைக் கேட்டதும்தான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தமிழில் சொன்னால், அதன் பெயர் 'அனுபவம்'.

பையன் ஆடியது அமேசான் என்ற பெண் பாத்திரம். வில்லும் ஈட்டியும் அவள் ஆயுதங்கள். வாள்வீரர்கள், மந்திரவாதிகள் என்று இன்னும் பலர் இருக்க, இவளை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"பக்கத்துல போய் வெட்டுறவன் அடி வாங்குவான் பெரியப்பா. அடி வாங்குனா மருந்து குடிக்கணும், ஒதுங்கி நிக்கணும், செத்தா மறுபடி நடந்து வரணும். எல்லாம் நேரம். இவ எட்ட நின்னே முடிச்சிருவா. படி சீக்கிரம் ஏறும்."

சீக்கிரம் ஏறுவதற்கு அவன் ஒரு சாஸ்திரமே வைத்திருந்தான். பெரிய பிசாசு ஒன்றோடு மல்லுக்கட்டி நிற்காதே. சிறியவை கூட்டமாய்த் திரியும் இடத்துக்குப் போ. 6-ஆம் படியில், ஒரே இழுப்பில் பல அம்புகள் விசிறியாகப் பாய்கிற வித்தை திறக்கும், அதை எடுத்துக்கொள். 24-ஆம் படியில் உன்னைப் போலவே ஒரு பொய்யுருவத்தைப் படைத்து நிறுத்தலாம். பிசாசுகள் அதன்மேல் விழுந்து பிராண்டிக்கொண்டிருக்கும். 30-ஆம் படியில் வால்கிரி என்ற தேவலோக வீராங்கனையை வரவழைத்து உனக்கு முன்னால் நிறுத்தலாம். கூட்டத்தின் நடுவே விழுந்ததும் மின்னலாய்ச் சிதறும் ஈட்டியும் அதே படியில்தான். காசு கொடுத்தால் கூலிக்கு ஒரு போர்வீரனும் கிடைப்பான். பலசாலிகளோடு குழுவாகச் சேர்ந்துவிட்டால் இன்னும் சௌகரியம்: அவர்கள் கொல்லும்போது பக்கத்தில் நின்றால் போதும், அனுபவத்தில் உனக்கும் ஒரு பங்கு வந்துவிடும்.

இந்தச் சாஸ்திரம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: அடிபடுவது வீண் செலவு. விளையாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. கடினமான கட்டங்களில் பாத்திரம் செத்துப்போனால், சேர்த்து வைத்த அனுபவத்தில் ஒரு பகுதி கழிந்துவிடுமாம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசனை வந்தது. நம் உலகத்தில் அடிபட்டால் அனுபவம் கூடுகிறது. அந்த உலகத்திலோ, அடிபட்டு விழுந்தால் அனுபவம் குறைகிறது!

அனுபவம் என்பது வடசொல். அதற்கு ஈடாகத் தமிழில் வழங்குவது 'பட்டறிவு'. 'படு' என்ற சின்ன வினைச்சொல் நம் மொழியில் எத்தனை பாரத்தைச் சுமக்கிறது என்று பாருங்கள். அம்பு படுகிறது, கல் படுகிறது, கண் படுகிறது. கஷ்டப்படுகிறோம், வெட்கப்படுகிறோம், ஆசைப்படுகிறோம். பாடுபட்டால்தான் சோறு. பட்ட மரம் என்றால் செத்த மரம். போரில் இறந்தவனைப் பற்றிப் பழைய கல்வெட்டுகள் 'பட்டான்' என்றே சொல்கின்றன. அறிவு எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வந்த தமிழன், இத்தனை பொருள்களும் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சொல்லை எடுத்து அறிவுக்கு முன்னால் வைத்தான். அனுபவம் என்ற வடசொல்லும் நம் பேச்சில் இதே குணத்தைத்தான் பெற்றிருக்கிறது. "நல்லா அனுபவிச்சான்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அது சுகத்தையா துக்கத்தையா என்று சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே, எட்ட நின்று எய்து சம்பாதிக்கிற அனுபவம் படாத பட்டறிவு என்றாகிறது. இப்படி ஒன்று இருக்க முடியுமா?

உடனே 'முடியாது' என்று சொல்லிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது சுலபம். அது நியாயமாகாது. அடிபடாமல் இருக்க வழி தேடியதுதான் மனித குலத்தின் முக்கால்வாசிச் சரித்திரம். வில்லைக் கண்டுபிடித்தவன், புலியின் பக்கத்தில் போகப் பிரியப்படாதவன். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசிய குறிஞ்சிப் பெண்ணும் எட்ட நின்று தாக்குகிறவள்தான். அவளைக் கோழை என்று எந்தப் புலவனும் பாடவில்லை.

அனுமந்தன்பட்டிப் பந்தல்களையே எடுத்துக்கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிகளுக்கு அடிச்சாம்பல் நோய் ஒரு பெரிய எதிரி. அதற்கு எதிராகத் தெளிக்கிற போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸில் இந்த நோய் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. போர்டோ பகுதியில் சிலர், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருப்பதற்காகச் சாலையோரக் கொடிகளில் மட்டும் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் நோயில்லாமல் தழைத்து நின்றதை மில்லார்டே என்ற தாவர சாஸ்திரி கவனித்தார். 1885-இல் தம் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். எங்கோ யாரோ தோட்டம் தோட்டமாகப் பறிகொடுத்ததில் பிறந்த அறிவு அது. இங்கே ஒரு விவசாயி அதைக் கற்றுக்கொள்ளத் தன் தோட்டத்தையும் ஒரு முறை பலிகொடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவரை விவேகி என்று ஒப்புக்கொள்வோமா? பிறர் பட்டதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகத்தானே பள்ளிக்கூடமும் புத்தகமும் பாட்டி சொல்லும் கதையும் இருக்கின்றன? நான் நாவல் எழுதிப் பிழைக்கிறவன். பிறர் படும் துயரத்தை வாசகர் சாய்வுநாற்காலியில் இருந்தபடியே அறிந்துகொள்ள வசதி செய்து கொடுப்பதுதான் என் தொழில். படாமல் அறிவதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

ஆனால், கடன் வாங்கக்கூடிய அறிவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைப் பையனே எனக்குக் காட்டினான். குழுவில் ஒட்டிக்கொண்டு, பிறர் கொல்லக் கொல்லப் படி ஏறினவர்களைப் பற்றிக் கேட்டபோது அவன் அலட்சியமாகச் சொன்னான்: "அவங்கள எங்க விட்டாலும் செத்துருவாங்க பெரியப்பா. படி எழுவது எண்பதுன்னு இருக்கும். எந்தப் பிசாசு எப்படிப் பாயும்னே தெரியாது." எண் ஏறியிருக்கிறது; கை ஏறவில்லை. எண் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. யாரும் அதை யாருக்கும் மாற்றி எழுதலாம். கையில் இருப்பதை அப்படி மாற்ற முடிவதில்லை.

நிஜமான வில்லைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். திரையில் அம்பு விடுகிறவளை எதுவும் தொடுவதில்லை. நிஜ வில்லின் நாணோ, பழகாதவன் முன்கையில் சுளீரென்று அறைந்துவிட்டுத்தான் அம்பை விடும். அதற்காக வில்லாளிகள் முன்கையில் கட்டிக்கொண்ட தோலுக்குப் பழந்தமிழில் 'கோதை' என்று பெயர். எதிரி அடிப்பதற்கு முன்னால் சொந்த வில்லே அடித்துக் கற்றுக்கொடுக்கிறது. ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் பகுதியில் பிறந்த ஷீதல் தேவிக்குப் பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் வாயாலும் நாணை இழுத்து விட்டு, 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தக் காலிலும் இடுப்பிலும் தோளிலும் சேர்ந்திருக்கிற அறிவை எந்தக் குழுவில் போய் நின்று பங்கு வாங்கிக்கொள்ள முடியும்?

இதுவரை பேசியது அறிவைப் பற்றி. தர்மத்தைப் பற்றிய கேள்வி இன்னும் மீதி இருக்கிறது. அனுமந்தன்பட்டி என்ற ஊர்ப்பெயரே அதை எனக்கு நினைவூட்டியது. இராமனையும் சுக்கிரீவனையும் சேர்த்து வைத்தவன் அனுமன். அந்த நட்பின் முதல் விளைவு, எட்ட நின்று எய்த ஓர் அம்பு.

வாலியை எதிரே நின்று போர் செய்தால், எதிரியின் பலத்தில் பாதி அவனுக்குப் போய்விடும் என்று வரம். ஆகவே மறைந்து நின்று ஓர் அம்பு. காரியம் முடிந்தது. அந்தப் பையனின் சாஸ்திரப்படி இதைவிடச் சிக்கனமான போர் கிடையாது. ஆனால், கம்பன் அங்கே கதையை நிறுத்திவிடவில்லை. மார்பில் பட்ட அம்பை வாலி கையால் பற்றி, அதில் பொறித்திருந்த பெயரைப் படிக்கிறான். பட்டவன் எய்தவனைத் தெரிந்துகொண்டான். பிறகு கேட்கிறான், கேள்விமேல் கேள்வியாக. இராமன் சிலவற்றுக்கு விடை சொல்கிறான். மறைந்து நின்று எய்தது ஏன் என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முன்வருகிறவன் இலக்குவன். தமிழ்நாட்டுப் பட்டிமன்ற மேடைகளில் அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பலன் ஒரு கணத்தில் கிடைத்துவிட்டது. கேள்வி நூற்றாண்டுகளாகப் போகவில்லை. தூரம் அடியிலிருந்து காப்பாற்றும், கேள்வியிலிருந்து காப்பாற்றாது.

நமக்கு இன்னும் கிட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிப் பக்கம், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்ற சிற்றூர். 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துத் தொல்லியலார் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில், மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். கம்பத்துக்கு அப்பால் இருக்கும் நம் கூடலூர்தான் அது என்று கருதுகிறவர்கள் உண்டு. அந்தவன் எத்தனை பேரைக் கொன்றான் என்று கல் சொல்லவில்லை. எத்தனையாவது படியில் இருந்தான் என்றும் சொல்லவில்லை. அவன் பெயரையும் ஊரையும் சண்டை நடந்த இடத்தையும் மட்டும் சொல்கிறது. பட்டவனுக்குத்தான் கல்.

பையனின் விளையாட்டிலும் ஒரு மாட்டு மந்தை வருகிறது என்றால் நம்புவீர்களா? ரகசியமாய்த் திறக்கிற ஒரு மேய்ச்சல் வெளி. அங்கே பசுக்கள் இரண்டு காலில் எழுந்து நின்று, நீண்ட காம்புள்ள கோடரிகளைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகின்றன. சீக்கிரம் படி ஏற விரும்புகிற அமேசானுக்கு அதைவிடத் தோதான இடம் இல்லையாம். மின்னல் ஈட்டியை ஒரு முறை வீசினால் மந்தையே சரிகிறது; அனுபவம் கொட்டுகிறது. ஆகோள் என்ற ஒரே காரியம்; ஒன்றில் ஒரு மனிதன் விழுந்து கல்லாகிறான்; மற்றொன்றில் ஒருவரும் விழாமல் கணக்கு மட்டும் ஏறுகிறது. விளையாட்டு விளையாட்டாக இருக்கும் வரை இதில் தவறு காண எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பசுக்களுக்கு வலி கிடையாது.

ஆனால், அந்தச் சாஸ்திரத்தில் ஓர் இடம் என்னை உறுத்தியது. எட்ட நிற்கிறவள் பத்திரமாக நிற்பதற்கு, எட்ட நிற்பது மட்டும் போதவில்லை. அவளுக்கு முன்னால் யாராவது நிற்க வேண்டியிருக்கிறது. பொய்யுருவமோ, வால்கிரியோ, கூலிக்கு வந்த வீரனோ! அடி இல்லாமல் போய்விடவில்லை. வேறு ஒருவர்மேல் விழுகிறது, அவ்வளவுதான். படி என்னவோ அவளுக்குத்தான் ஏறுகிறது.

இந்த வழக்கம் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். விடியும் முன் அந்தச் சாலைகளில் போயிருக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலச்செடியில் காய் தூரில், தரையை ஒட்டிப் பிடிக்கும். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதும் இல்லை. ஆகவே ஈரத்திலும் அட்டைக்கடியிலும் நாளெல்லாம் குனிந்து, முற்றியதை மட்டும் தேடி எடுக்க வேண்டும். சில வாரங்களில் அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். பொழுது சாய அதே ஜீப்பில், அதே வளைவுகளில் இறங்க வேண்டும். அந்த வளைவுகளில் ஜீப் கவிழ்ந்த செய்திகளை நாம் பத்திரிகையில் படித்திருக்கிறோம். படித்துவிட்டு ஏலக்காய் போட்ட பாயசத்தைச் சாப்பிட்டிருக்கிறோம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நடுத்தர வகுப்பு என்று நம்மை நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது ஒரு விதத்தில் எட்ட நிற்கிறவர்களின் வகுப்பு. வெயில், மழை, பள்ளம், பாம்பு, கடன்காரன் எல்லாவற்றுக்கும் நமக்கும் நடுவில் யாரோ ஒருவர் நிற்கும்படியாக வாழ்க்கையை ஒழுங்கு செய்துகொண்டவர்கள் நாம். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறபோதும் அதைத்தான் சொல்கிறோம்: "நான் பட்ட பாட்டை நீ பட வேண்டாம்." இந்த நாட்டில் இதைவிட அன்பான வாக்கியம் கிடையாது. இதைச் சொல்லாத தகப்பனும் கிடையாது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்பாதி உண்டு. அதை நாம் சொல்வதில்லை. நீ படாவிட்டால் வேறு யார் படுகிறார்கள் என்பதுதான் அது.

பையன் வேண்டுமென்றே போய் அடிவாங்க வேண்டும் என்று நான் உபதேசிக்க மாட்டேன். அடிக்காக அடி வாங்குவது அறிவீனம். துன்பம் எல்லோரையும் அறிவாளி ஆக்குவதும் இல்லை. பலரை அது வெறுமனே நொறுக்கிவிட்டுப் போய்விடுகிறது. துன்பத்துக்குப் பூமாலை போடுகிறவர்கள் பெரும்பாலும் அதை எட்ட நின்று பார்த்தவர்கள்தாம். தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்ப்பதே நாகரிகம். போர்டோ கலவை வாழட்டும்.

ஆனால், படாமல் வந்த அறிவைச் சொந்தச் சம்பாத்தியம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. அது கடன். கடன் என்று தெரிந்தவன் இரண்டு காரியம் செய்வான். தன் எண்ணைப் பார்த்துத் தன் கையை மதிப்பிட மாட்டான். எண்பதாம் படியில் நின்றுகொண்டு ஆறாம் படிக்காரனுக்குத் தைரியம் போதிக்க மாட்டான். இரண்டாவது, தனக்கு முன்னால் நின்றவர் யார் என்று விசாரிப்பான். விசாரித்தால், கொடுக்க வேண்டியது என்ன என்பது தானே தெரிந்துவிடும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு நாம் நடுகல் நட வேண்டியதில்லை. நெருக்கியடிக்காமல் உட்கார்ந்து போக ஒரு வண்டி, நியாயமான கூலி, அவள் பெண்ணுக்கு ஒரு கல்லூரி இடம், இவை போதும். இவற்றைக் கேட்டு யாராவது சாலையில் நின்று கோஷம் போடும்போது, நமக்குப் பஸ் தாமதமாகிறதே என்று சலித்துக்கொள்ளாமல் இருப்பதும் அந்தக் கடனில் ஒரு பகுதிதான்.